சாத்தானியம்: ஒரு நவீன சமயத்தின் சமுதாய வரலாறு

ஒரு சமுதாயம் எதனைத் தெய்வமென்று போற்றியது என்பதை ஆராய்ந்தோர் பலர். எதனைப் பேயென்று பழித்தது, அப்பழிப்பினாற் பயனடைந்தோர் யாவர், துன்புற்றோர் யாவர் என்பவற்றை ஆராய்ந்தோர் சிலரே. சாத்தானியம் என்னும் பெயருடன் ஒரு சமயம் இன்று உலகில் உண்டு. அதற்குக் கோயில் உண்டு, குருமார் உண்டு, திருநூலெனக் கொள்ளப்படும் நூலும் உண்டு. அதன் ஒரு பிரிவை ஐக்கிய அமெரிக்காவின் வரித் திணைக்களம் 2019-ம் ஆண்டில், ஏனைய திருச்சபைகளோடு ஒப்ப, வரிவிலக்குக்குரிய சமய நிறுவனமாக ஏற்றுக்கொண்டது. இதனைக் கேட்டதும் சிலர் அஞ்சுவர், சிலர் நகைப்பர். வரலாற்று மாணவனுக்கு அச்சமும் நகைப்பும் போதா. இச்சமயம் எத்தகைய சூழ்நிலையிற் பிறந்தது, யாருடைய நலனுக்காகப் பேசுகின்றது என்னும் வினாக்களையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். எபிரேய மொழியிற் "சாத்தான்" என்பதற்கு எதிராளி, குற்றஞ்சாட்டுவோன் என்பன பொருள். யோபுவின் ஆகமத்தில் அவன் கடவுளின் சபைக்கு வந்து, மனிதரின் பக்தி மெய்யானதோ என்று வினவும் வழக்குரைஞன் போலக் காட்சியளிக்கின்றான். பிற்பட்ட நூற்றாண்டுகளிலேயே அவன் தீமையின் முழு வடிவமாக வளர்ந்தான். (கிறிஸ்தவ வேதத்தின் வாயிலாகத் தமிழுக்கு வந்த இச்சொல்லுக்கும், மணிமேகலை ஆசிரியரின் பெயரிலே விளங்கும் சாத்தன் என்னும் பழந்தமிழ்ப் பெயருக்கும் தொடர்பில்லை.) குற்றஞ்சாட்டுவோனைக் குறித்த சொல், காலப்போக்கிற் பிறர்மீது சுமத்தும் குற்றச்சாட்டின் பெயராக மாறியது. ஐரோப்பாவிற் சாத்தானை வழிபடும் சபையொன்று வெளிப்படையாகத் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அத்தகைய சபையைச் சேர்ந்தவர்கள் என்று கூறப்பட்டு மக்கள் கொல்லப்பட்டனர். இது இவ்வரலாற்றின் முதல் உண்மை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பிரான்சின் மன்னன் நான்காம் பிலிப் போர்ச் செலவினாற் கடனில் மூழ்கியிருந்தான். அவனுக்குக் கடன் கொடுத்தோருள் தெம்பிளர் என்னும் துறவற வீரர் சபையினரும் இருந்தனர். 1307-ம் ஆண்டு ஒக்டோபர் 13-ம் திகதி பிரான்ஸ் எங்கணும் அவர்கள் ஒரே நாளிற் சிறைப்பிடிக்கப்பட்டனர். கிறிஸ்துவை மறுத்தனர், "பாபோமெற்" என்னும் விக்கிரகத்தை வணங்கினர் என்றெல்லாம் குற்றஞ் சுமத்தப்பட்டது. சித்திரவதையைத் தாங்கமாட்டாது பலர் அவற்றை ஒப்புக்கொண்டனர். 1312-ம் ஆண்டிற் சபை கலைக்கப்பட்டது. 1314-ம் ஆண்டில் அதன் தலைவர் ஜாக் டி மொலே பாரிசில் எரிக்கப்பட்டார். கடன் கொடுத்தவர் மறையவே அரசனின் கடனும் மறைந்தது. பாபோமெற் என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக. ஏழு நூற்றாண்டுகளின் பின்னர் அமெரிக்காவில் நாம் அதனை மீண்டும் சந்திக்கவேண்டியிருக்கும்.

தெம்பிளர் செல்வமுடையோர், அவர்களுக்குப் பின்னர் இக்குற்றச்சாட்டுக்கு இரையானோரிற் பெரும்பாலோர் எளியோர். 15-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவிற் சூனியக்காரர் என்று கொல்லப்பட்டோர் தொகை 40,000-க்கும் 60,000-க்கும் இடைப்பட்டதென இன்றைய வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் பெண்கள். வட அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் சேலம் என்னும் ஊரில் 1692-ம் ஆண்டில் நடந்த வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வாய்திறந்து வழக்காட மறுத்த முதியவரொருவர் மார்பிலே கற்கள் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அங்கு முதன்முதலிற் குற்றஞ்சாட்டப்பட்ட மூவருள் ஒருத்தி அடிமைப் பெண். மற்றொருத்தி வீடுவீடாகச் சென்று இரந்துண்டவள். சாத்தானின் கையாள் யார் என்ற தேடல் ஊரின் மிகப் பலவீனமான வாயிலிலேயே முதலிற் சென்று நின்றது.

இப்பழிச்சொல் புகழ்ச்சொல்லாக மாறத் தொடங்கியது எவ்வாறு? அதற்கு இங்கிலாந்தின் முதலாளித்துவப் புரட்சியையும், பிரெஞ்சுப் புரட்சியையும் நாம் நோக்குதல் வேண்டும். ஜோன் மில்ரன் மன்னராட்சியை எதிர்த்த குடியரசுவாதி. முதலாம் சாள்ஸ் மன்னன் 1649-ம் ஆண்டிற் சிரச்சேதஞ் செய்யப்பட்டதை நியாயப்படுத்தி எழுதியவர். 1660-ம் ஆண்டில் மன்னராட்சி மீண்டது. கண்ணொளி இழந்த அக்கவிஞர் தோல்வியுற்ற புரட்சியின் நினைவுகளோடு வாழ்ந்தார். 1667-ம் ஆண்டில் வெளிவந்த "இழந்த சுவர்க்கம்" என்னும் காவியத்திற் கடவுளின் நீதியை நிறுவுவதே அவர் நோக்கம். ஆயினும் அங்கே கலகஞ்செய்து வீழ்ந்த சாத்தானின் பேச்சிலேதான் வீரமும் துயரமும் ததும்புகின்றன.

பிரெஞ்சுப் புரட்சியின் தலைமுறையினர் இதனை உடனே கண்டுகொண்டனர். மில்ரனின் உள்ளம் அவர் அறியாமலே கலகக்காரன் பக்கம் சாய்ந்திருந்தது என வில்லியம் பிளேக் கருதினார். 1793-ம் ஆண்டில் "அரசியல் நீதி" என்ற நூலை எழுதிய வில்லியம் கொட்வின், சாத்தான் கலகஞ்செய்தமைக்கு, பதவியிலும் அதிகாரத்திலும் இருந்த கொடிய ஏற்றத்தாழ்வுக்குத் தக்க நியாயத்தை அவன் காணாமையே காரணம் என்றார். பைரனையும் அவரொத்தோரையும் "சாத்தான் மரபினர்" என்று 1821-ம் ஆண்டில் இகழ்ந்தவர், இளமையிற் புரட்சியைப் பாடிப் பின்னர் அரசவைக் கவிஞராய் அமர்ந்த றொபேட் சதி. பழைய வசை இப்போது அரசியல் வசையாயிற்று. வசைக்குள்ளானோரிற் சிலர் அதற்கு அஞ்சவில்லை.

ஆனால், இத்தலைமுறையினரிற் ஷெல்லி கூறியதொன்றை நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். 1820-ம் ஆண்டில் வெளிவந்த "விலங்கறுந்த புரொமீதியஸ்" என்னும் நாடகத்தின் முன்னுரையிற் சாத்தானையும் புரொமீதியசையும் அவர் ஒப்பிடுகின்றார். இருவரும் சர்வ வல்லமையை எதிர்த்து நின்றவர்கள். எனினும் சாத்தானிடம் பேராசையும் பொறாமையும் பழிவாங்கும் வேட்கையும் தன்னை உயர்த்தும் விருப்பமும் கலந்துள்ளன. புரொமீதியசிடம் அவை இல்லை என்பது ஷெல்லியின் முடிவு. கிரேக்கக் கதையில் வரும் அவன் வானத்து நெருப்பைத் திருடியது மனிதருக்குக் கொடுப்பதற்காக. இளம் மார்க்சும் 1841-ம் ஆண்டில் எழுதிய தமது ஆய்வுரையின் முன்னுரையில் அவனையே தத்துவத்தின் தலையாய தியாகியாகப் போற்றினார். தனக்காகக் கிளர்வதற்கும் பிறருக்காகக் கிளர்வதற்கும் இடையிலுள்ள இவ்வேறுபாடு, பின்வரும் வரலாற்றை அளப்பதற்கு நமக்குக் கோலாகும்.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சாத்தானின் பெயர் கிளர்ச்சியாளரின் மேடைகளில் ஒலித்தது. அராஜகவாதி பக்கூனின், இறந்தபின் 1882-ம் ஆண்டில் வெளிவந்த "கடவுளும் அரசும்" என்ற நூலில், சாத்தானை முதற் சுதந்திர சிந்தனையாளனாகச் சித்திரித்தார். இத்தாலியக் கவிஞர் கார்டுச்சி 1863-ம் ஆண்டில் எழுதிய "சாத்தான் துதி", புகையிரதத்தையும் விஞ்ஞானத்தையும் போற்றிப் போப்பாண்டவரின் ஆட்சியைச் சாடியது. வத்திக்கான் மகாசபை கூடிய 1869 டிசம்பர் 8-ம் திகதியன்றே பொலோனியப் பத்திரிகையொன்றில் அது மறுபிரசுரமாயிற்று. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திற் பெண்களின் உரிமைக்காகப் போராடிச் சிறைசென்ற மோசஸ் ஹார்மன் 1883-ம் ஆண்டிலிருந்து தமது பத்திரிகைக்கு லூசிபர் என்று பெயரிட்டார். ஒளியைக் கொணர்வோன் என்பது அப்பெயரின் பொருள். 1880-ம் ஆண்டிற் காலியிற் பஞ்சசீலம் ஏற்றவரென நம் நாட்டார் நன்கறிந்த பிளவாற்ஸ்கி அம்மையாரும், 1887-ம் ஆண்டில் லண்டனில் தொடங்கிய சஞ்சிகைக்கு அப்பெயரையே சூட்டினார். இவர்களுள் எவரும் சாத்தானுக்குக் கோயில் எழுப்பவில்லை. அவர்களுக்கு அது ஓர் உருவகம் மாத்திரமே.

எனினும் அத்தகைய கோயில்கள் இரகசியமாக இயங்குகின்றன என்று நம்பிய ஐரோப்பியர் இலட்சக்கணக்கில் இருந்தனர். லியோ தக்சில் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1885-ம் ஆண்டிற் கத்தோலிக்க சமயத்திற்கு மனந்திரும்பியதாக அறிவித்து, சுதந்திரக் கொத்தர் சங்கத்தினர் சாத்தானை வழிபடுவதாக நூல்மேல் நூலாக எழுதிக் குவித்தார். போப்பாண்டவரும் அவருக்குப் பேட்டியளித்தார். 1897 ஏப்ரல் 19-ம் திகதி பாரிசில் ஒரு கூட்டத்தைக் கூட்டிய தக்சில், அவ்வளவும் தாம் புனைந்த பொய் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் அறிமுகப்படுத்திய சாத்தானியப் பெண்குரு உண்மையில் இருந்தவளே அல்லள். பொய் வெளிப்பட்ட பின்னரும் அதனை நம்ப விரும்பியோர் நம்பிக்கொண்டேயிருந்தனர்.

உண்மையான சாத்தானிய சமயம், வெளிப்படையான ஒரு நிறுவனமாக, 1966-ம் ஆண்டு ஏப்ரல் 30-ம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் அன்ரன் லாவே என்பவரால் நிறுவப்பட்டது. தமது வீட்டிற்குக் கறுப்பு வர்ணம் பூசி, அதனையே "சாத்தான் திருச்சபை"யின் தலைமையகமாக்கினார். 1967-ம் ஆண்டில் அங்கு நடந்த திருமணமும், அவருடைய மகளின் ஞானஸ்நானமும் உலகப் பத்திரிகைகளிற் புகைப்படங்களோடு வெளிவந்தன. 1969-ம் ஆண்டிற் "சாத்தானிய வேதாகமம்" என்னும் நூல் அச்சேறியது. லாவேயின் சமயத்திற் சாத்தான் என்றொரு ஆவி உண்மையில் இல்லை. மனிதனும் ஒரு விலங்கே, அவனது இச்சைகள் இயல்பானவை, அவற்றை அடக்கும் சமயங்கள் பொய்யானவை என்பதற்கு அவன் ஒரு குறியீடு. குழந்தைகளுக்குத் தீங்கு செய்தல் அச்சபையின் விதிகளில் விலக்கப்பட்டுள்ளது. ஆகவே, குழந்தைகளைப் பலியிடுவோர் என்று இவர்களைப்பற்றிப் பரவிய கதைகளுக்கும் இவர்களது கொள்கைக்கும் தொடர்பில்லை.

எனினும் அக்கொள்கையின் சமுதாய உள்ளடக்கத்தை ஆராய்கையில் நாம் திடுக்கிட நேர்கின்றது. அவ்வேதத்தின் முதற் பகுதி 1896-ம் ஆண்டில் ராக்னர் ரெட்பியேட் என்ற புனைபெயரில் வெளிவந்த "வலிமையே நியாயம்" என்னும் நூலிலிருந்து பெரும்பாலும் எடுத்தாளப்பட்டது. வலியோர் ஆளவும் மெலியோர் அழியவும் வேண்டும் என்று கூறிய, இனத்துவேஷம் நிறைந்த நூல் அது; அப்பட்டமான துவேஷ வரிகளை நீக்கிவிட்டு லாவே அதனைப் பயன்படுத்தினார். தமது சமயம் அயன் றான்ட் அம்மையாரின் தத்துவத்தோடு சடங்குகளைச் சேர்த்தது என்று அவரே கூறியதுண்டு. தன்னலமே அறம் என்றும், கட்டற்ற முதலாளித்துவமே இலட்சிய சமுதாயம் என்றும் போதித்தவர் அவ்வம்மையார். 1988-ம் ஆண்டில் லாவே வெளியிட்ட ஐந்தம்ச வேலைத்திட்டத்தின் முதல் அம்சம், மக்கட் சமத்துவம் என்ற கருத்தைக் கைவிட்டு மனிதரைத் தரந்தரமாகப் பிரித்தல் வேண்டும் என்பதாகும்.

அக்காலச் சூழலை நினைத்துப் பார்ப்போம். சாத்தான் திருச்சபை தோன்றிய அதே 1966-ம் ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில், குடாவின் அக்கரையிலே ஓக்லண்ட் நகரிற் கருஞ்சிறுத்தைக் கட்சி தோன்றியது. சாத்தானிய வேதாகமம் வெளிவந்த 1969-ம் ஆண்டிலேயே அக்கட்சியினர் நீக்ரோ மக்களின் பிள்ளைகளுக்கு இலவசக் காலையுணவு வழங்கத் தொடங்கினர். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து மாணவர் வீதிக்கு வந்தனர். லாவேயோ அவ்விளைஞரை இகழ்ந்தார். சட்டத்தையும் ஒழுங்கையும் காக்கும் பொலிசாரையே விரும்பினார். உருவத்திற் கலகக்காரனாகவும், உள்ளத்திற் சந்தைக்கு உகந்தவனாகவும் அவருடைய சாத்தான் நின்றான். ஷெல்லி ஐயுற்றது இதனையே. 1975-ம் ஆண்டிற் குருத்துவப் பட்டங்கள் விலைபோகின்றன என்ற பிணக்கில் மைக்கல் அக்கினோ என்னும் இராணுவ அதிகாரி பிரிந்து சென்று, எகிப்தியத் தெய்வமான செற்றின் பெயரால் வேறொரு கோயிலை அமைத்தார். வலிமை வழிபாட்டின் கடைக்கோடியிற் பாசிசமும் உண்டு. பிரித்தானியாவிற் தோன்றிய "ஒன்பது கோணச் சங்கம்" நாசிசத்தைச் சாத்தான் வழிபாட்டோடு பிணைத்தது. அதனோடு தொடர்புடைய சிலர் அண்மைக் காலத்திற் பயங்கரவாதக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். நோர்வேயில் 1992-ம் ஆண்டு தொடக்கம் இளைஞர் சிலர் பழம்பெரும் மரத் தேவாலயங்களைக் கொளுத்தினர். இவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

ஆனால், 1980-களில் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய பீதி இத்தகைய உண்மைக் குற்றங்களாற் பிறந்ததன்று. கனடாவில் ஒரு மனநோய் வைத்தியரும் அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணும் சேர்ந்து எழுதிய நூலொன்று 1980-ம் ஆண்டில் வெளிவந்து, சாத்தானியர் குழந்தைகளைச் சடங்குகளில் வதைப்பதாகப் பரப்பியது. 1983-ம் ஆண்டிற் கலிபோர்னியாவின் மக்மார்ட்டின் பாலர் பாடசாலை ஆசிரியர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டும், எதிர்பார்த்த விடையைச் சொன்னபோது பாராட்டியும் "சாட்சியம்" பெறப்பட்டது. இரகசியச் சுரங்கங்கள், மிருகபலி, வானிற் பறக்கும் சூனியக்காரிகள் எல்லாம் அச்சாட்சியத்தில் இடம்பெற்றன. ஏழு பேர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டொலர் செலவான பின், 1990-ம் ஆண்டில் ஒருவரேனும் குற்றவாளியாகக் காணப்படாமல் வழக்கு முடிந்தது. அதற்குள் அவர்களில் ஒருவர் ஐந்து ஆண்டுகள் சிறையிற் கழித்துவிட்டார்.

மத்திய புலனாய்வுத் துறையைச் சேர்ந்த கெனத் லானிங் 1992-ம் ஆண்டிலும், பிரித்தானிய அரசின் வேண்டுகோளின்பேரில் ஆராய்ந்த மானிடவியலாளர் ஜீன் லா பொன்ரெயின் 1994-ம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கைகள், அத்தகைய இரகசியச் சாத்தானிய இயக்கத்திற்குச் சான்று இல்லை என்றன. இருந்தும் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் 1993-ம் ஆண்டு மூன்று சிறுவர் கொலையுண்டபோது, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று இளைஞர் பிடிபட்டனர். கறுப்பு உடை அணிந்ததும், பேரிரைச்சலான இசையை விரும்பியதும் அவர்களுக்கெதிராக மன்றிலே பேசப்பட்டன. ஒருவருக்கு மரணதண்டனை, மற்றிருவருக்கு ஆயுட்சிறை. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 2011-ம் ஆண்டிலேயே அவர்கள் வெளியே வந்தனர்.

ஏன் அக்காலத்தில் இப்பீதி எழுந்தது? தாய்மார் பெருந்தொகையாகக் கூலி உழைப்பிற்குச் சென்று, பிள்ளைகளைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் விட்ட காலம் அது. அரசு அந்நிலையங்களுக்குப் போதிய பணமோ மேற்பார்வையோ வழங்கவில்லை. வலதுசாரிக் கிறிஸ்தவ இயக்கங்களோ வேலைக்குச் செல்லும் பெண்ணைக் குடும்பத்தின் சீரழிவாகக் காட்டின. வாழ்க்கை மாற்றத்தினாற் பிறந்த குற்றவுணர்வும் கவலையும் ஓர் உருவத்தைத் தேடின. பழைய சாத்தான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். பிள்ளைகள் உண்மையிற் கொடுமைக்குள்ளாகும் இடம் பெரும்பாலும் வீடும் வறுமையுமே என்பதைப் பேசுவதிலும், கண்காணாத சபையொன்றைத் தேடுவது எளிதாயிருந்தது.

இப்பின்னணியிலேயே 2013-ம் ஆண்டிற் "சாத்தானியக் கோயில்" என்னும் இரண்டாவது இயக்கம் பொதுவாழ்வில் தோன்றியது. இவர்களும் சாத்தானை ஓர் ஆவியாக நம்புவதில்லை. இவர்களுடைய ஏழு கோட்பாடுகளில் முதலாவது, சகல உயிர்களிடத்தும் இரக்கம். இரண்டாவது, நீதிக்கான போராட்டம் சட்டங்களினும் மேலானது. பிறிதொன்று, ஒருவரின் உடல்மீது அவருக்கே அதிகாரம். ஒக்லகோமா மாநில மன்றத்தின் முற்றத்திற் பத்துக் கட்டளைச் சிலை 2012-ம் ஆண்டில் நாட்டப்பட்டபோது, சகல சமயங்களுக்கும் சம இடம் வேண்டும் என்று கூறி இவர்கள் தமது சிலைக்கும் இடம் கேட்டனர். அச்சிலையே பாபோமெற். வேறொரு வழக்கின் தீர்ப்பினாற் கட்டளைச் சிலை 2015-ம் ஆண்டில் அகற்றப்பட்டது. ஆட்டுத்தலையும் இறகுகளும் கொண்ட, ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள இவர்களது வெண்கலச் சிலை அவ்வாண்டு யூலையில் டெற்றோயிற் நகரிலே திறந்துவைக்கப்பட்டது. தெம்பிளர்மீது அரசன் சுமத்திய பழிப்பெயர், அரசின் சமயச் சார்பை வினவும் சின்னமாக வந்து நின்றது. கருச்சிதைவு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022-ம் ஆண்டில் நீக்கிய பின், 2023-ம் ஆண்டில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இவர்கள் ஒரு வைத்திய சேவையையும் தொடங்கினர்.

இவ்வியக்கத்தை நாம் மிகைப்படுத்திப் புகழவேண்டியதில்லை. சிலைகளும் வழக்குகளும் தொழிலாளியின் கூலியை உயர்த்தமாட்டா. இதன் தலைமையின் போக்கை ஏற்காது லொஸ் ஏஞ்சல்ஸ் கிளை 2018-ம் ஆண்டிற் பிரிந்து சென்றது. லாவேயின் திருச்சபையோ இவர்களைச் சாத்தானியர் என்றே ஏற்க மறுக்கின்றது. ஒரே பெயரைச் சூடிய இரு சமயங்கள். ஒன்று சமத்துவத்தை மறுக்கின்றது, மற்றது இரக்கத்தை முதலில் வைக்கின்றது. பெயரை மட்டும் கேட்டு இரண்டையும் ஒன்றாகக் கருதுவோன், சேலம் நகரின் நீதிபதிகள் செய்த தவறையே செய்பவனாவான். சாத்தானியக் கோயிலார் விரும்பிப் படிக்கும் நூல்களுள் அனதோல் பிரான்ஸ் 1914-ம் ஆண்டில் எழுதிய "தேவதூதரின் கலகம்" ஒன்று. சுவர்க்கத்தை வென்றால் தானும் கடவுளைப் போலக் கொடுங்கோலனாவேன் என்று கனவிற் கண்ட சாத்தான், அவ்வெற்றியை வேண்டாமென்று துறப்பதே அந்நாவலின் முடிவு.

வகுப்பறைக்குச் செல்லும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இவ்வரலாறு சொல்வது யாது? ஒருவர்மீது பேயின் பெயர் சுமத்தப்படும்போது, சான்று எங்கே, சுமத்துவோனின் இலாபம் யாது என்று கேட்கவேண்டும். ஒருவர் தாமே அப்பெயரை எடுத்து அணியும்போது, அக்கலகம் யாருக்காக என்று கேட்கவேண்டும். 2016-ம் ஆண்டிற் சாத்தானியக் கோயில் தனது தலைமையகத்தைத் திறந்த ஊர் சேலம். பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்ட அவ்வூரில், இன்று எவரும் அஞ்சாது அப்பெயர்ப் பலகையின் கீழ் நடந்து செல்கின்றனர். அம்மாற்றம் தானாக வரவில்லை. ஆதாரமின்றி எவரையும் தண்டித்தல் ஆகாது என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிய மனிதரால் வந்தது. அவ்வாதம் எந்நாட்டிலும் முற்றுப்பெற்றுவிடவில்லை.